வண்ணம் கேட்கும் அழைப்பிதழ்கள்

திருமண அழைப்பிதழின் மொழி தமிழில் தலைமுறைகள் கடந்தும் பெரிதாக மாறவில்லை. நாள், நட்சத்திரம், முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், பெரியோர் பெயர்கள் ஆகியவற்றுக்குப் பின்னால் 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்' என்ற வரி வரும். அழைப்பவர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் அந்தத் தாளில் அவர் வேண்டுகிறவர்தான். 'வருகை தாருங்கள்' என்பதைத் தவிர விருந்தினரிடம் அவர் வேறெதையும் கேட்பதில்லை. 'அன்பளிப்பு தவிர்க்கவும்' என்று ஒரு குறிப்பு இருந்தால், அதுவும் விருந்தினரின் சுமையைக் குறைக்கும் குறிப்பாகவே இருக்கும்.

அண்மைக் காலமாக அந்த மொழியில் ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது அச்சிட்ட அழைப்பிதழில் இருப்பதில்லை. அதைத் தொடர்ந்து வாட்ஸ்ஆப்பில் வரும் வண்ணப் படத்தில் இருக்கிறது. மஞ்சள் பூசும் சடங்குக்கு மஞ்சள் ஆடை, மருதாணி இடும் மாலைக்குப் பச்சை, வரவேற்புக்கு வெளிர் நிறங்கள் என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு நிறம் குறிக்கப்படுகிறது. 'டிரெஸ் கோட்' என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் ஆடைக் கட்டுப்பாடு இப்படித்தான் நம் திருமணங்களுக்குள் நுழைந்தது. பெருநகரங்களில், மென்பொருள் துறையில் பணிபுரியும் இளைஞர்களின் திருமணங்களில் தொடங்கிய இந்த வழக்கம் இப்போது சிறு நகரங்களின் மண்டபங்களிலும் தென்படுகிறது.

இதை எள்ளி நகையாடுவது எளிது, அதனால் பயனில்லை. தங்கள் வாழ்வின் முக்கியமான நாள் கண்ணுக்கு நிறைவாக அமைய வேண்டும் என்று மணமக்கள் விரும்புவதில் குற்றம் ஏதுமில்லை. எந்த ஆடையைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பவைதான் சிந்திக்க வேண்டிய கேள்விகள். ஏனெனில் ஆடைக் கட்டுப்பாடு என்பது அழகு பற்றிய விருப்பமாகத் தோன்றினாலும், நடைமுறையில் அழைப்பவரின் விருப்பத்துக்கான செலவை அழைக்கப்பட்டவரின் தலையில் வைக்கும் ஏற்பாடு. இதை உணர்ந்து செய்தால் அது விழாவுக்கு அழகு சேர்க்கும். உணராமல் செய்தால், வர வேண்டிய சிலரை வராமல் செய்துவிடும்.

நம் திருமணங்களில் முன்பு ஆடைக் கட்டுப்பாடே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. எழுதப்படாத விதிகள் பல இருந்தன. முகூர்த்தத்துக்குப் பட்டு அல்லது நல்ல பருத்திச் சேலை, ஆண்களுக்கு வேட்டி சட்டை, மங்கல நிகழ்வில் கறுப்பைத் தவிர்ப்பது, மணப்பெண்ணின் கூரைப்புடவைக்குப் போட்டியாகத் தோன்றாமல் இருப்பது என்பனவெல்லாம் யாரும் சொல்லாமலேயே அனைவருக்கும் தெரிந்திருந்தன. ஆனால் அந்த விதிகளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அவற்றை நிறைவேற்றத் தேவையான ஆடை எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே இருந்தது. தன் திருமணத்துக்கு எடுத்த ஒரே பட்டுச் சேலையை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உறவினர் வீட்டுத் திருமணங்கள் அனைத்துக்கும் உடுத்திச் சென்ற பெண்கள் நம் ஒவ்வொருவர் குடும்பத்திலும் உண்டு. அதை யாரும் குறையாகக் கருதியதில்லை.

புதிய கட்டுப்பாடு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அது ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நிறம் கேட்கிறது. அந்த நிறத்தில் வாங்கிய ஆடை அடுத்த திருமணத்துக்கு உதவுவதில்லை; அங்கே வேறு நிறம் கேட்கப்படும். நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று நிகழ்ச்சிகளுக்கு அழைக்கப்பட்டால் பன்னிரண்டு ஆடைகள் தேவைப்படும். பயணச் செலவு, தங்கும் செலவு, விடுப்பால் இழக்கும் ஊதியம், மொய் ஆகியவற்றுக்கு மேலாக வருகிற செலவு இது. மொய்க்காவது நோட்டில் ஒரு கணக்கு உண்டு. நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். ஒருநாள் உடுத்தி மடித்துவைக்கும் ஆடைக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

துணியைக் கேட்கிறவரே துணியைக் கொடுப்பது என்பதுதான் நம் மரபில் இருந்த முறை. திருமணத்துக்குத் துணி எடுக்கும் நாள் என்பதே ஒரு சிறு விழா. மணமக்களுக்கு மட்டுமல்லாமல் தாத்தா பாட்டி, அத்தை மாமா, சித்தப்பா சித்தி, கொழுந்தனார், நாத்தனார், வீட்டு வேலைக்கு உதவுபவர்கள் வரை பட்டியல் போட்டுத் துணி எடுப்பார்கள். தாய்மாமன் சீரில் சேலையும் வேட்டியும் கட்டாயம் இடம்பெறும். யாருக்கு எந்தத் துணி, யாருக்கு விடுபட்டது என்பதில் மனத்தாங்கல்களும் எழுந்ததுண்டு. ஆனாலும் மண்டபத்தில் ஒருவர் எப்படித் தோன்ற வேண்டும் என்று விரும்பினால் அதற்கான பொறுப்பு விழா வீட்டாருடையது என்ற புரிதல் அந்த ஏற்பாட்டின் அடியில் இருந்தது.

ஒரே மாதிரி ஆடை ஏற்றத்தாழ்வை மறைக்கும் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பள்ளிச் சீருடையின் நோக்கமே அதுதான். ஆனால் தமிழகத்தில் சீருடை ஏழைப் பிள்ளையையும் வசதியான பிள்ளையையும் ஒரே வரிசையில் அமர்த்தியது எப்படி என்பதை நினைவுகூர வேண்டும். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் ஏழை மாணவர்களுக்கு இலவசமாகச் சீருடை வழங்கும் முயற்சி தொடங்கியது. பின்னர் வந்த அரசுகள் அதை விரிவாக்கின. சீருடையைக் கேட்ட அரசே அதைக் கொடுக்கவும் செய்ததால் அது சமத்துவத்தின் அடையாளம் ஆனது. கொடுக்காமல் கேட்டிருந்தால், அது பள்ளி வாசலில் இன்னொரு தடையாக நின்றிருக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்திருக்கிறது. நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே 'அசோ எபி' என்ற வழக்கம் உண்டு. 'குடும்பத் துணி' என்பது அதன் பொருள். ஒரு குடும்பத்தின் உறவினர்கள் அனைவரும் ஒரே துணியில் ஆடை தைத்து விழாவில் கூடுவது அதன் தொடக்கம். நாளடைவில் அது நண்பர்களுக்கும் அலுவலகத் தோழர்களுக்கும் பரவியது. விழா வீட்டார் துணியைத் தேர்ந்து சொல்ல, விருந்தினர் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். உறவின் அடையாளமாகப் பிறந்த வழக்கம், வாங்க இயலாதவர்களுக்கு மனச்சுமையாக மாறிவிட்டது என்ற விமர்சனம் அங்கேயே உரக்க ஒலிக்கிறது. ஒற்றுமையைக் காட்டும் ஆடை எந்தப் புள்ளியில் வசதியைக் காட்டும் ஆடையாகிறது என்பதை நாம் அங்கிருந்து கற்கலாம்.

ஆடை பற்றிய கோரிக்கை எளியவரை எப்படித் தொடுகிறது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே பெரிய சான்று உண்டு. 1921-இல் மதுரைக்குச் செல்லும் வழியில், கதர் உடுத்துங்கள் என்று காந்தியடிகள் கேட்டபோது, கதர் வாங்க எங்களிடம் பணமில்லை என்று ஏழை மக்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை அவர் சாக்காகக் கருதவில்லை. செப்டம்பர் 22 அன்று மதுரையில் தன் ஆடையை முழங்கால் அளவு துண்டாகக் குறைத்துக்கொண்டார். பிறர் என்ன உடுத்த வேண்டும் என்று சொல்லும் உரிமை வேண்டுமானால், அந்தச் சொல்லின் பாரத்தை முதலில் தானே ஏற்க வேண்டும் என்பது அவர் எடுத்த முடிவு. நாட்டு விடுதலைக்கான கோரிக்கைக்கே இந்த நியாயம் பொருந்தியது என்றால், ஒரு மாலை வரவேற்பின் நிற ஒற்றுமைக்கு அது பொருந்தாமல் போகாது.

அழைப்பிதழில் ஆடையைக் குறிப்பிடும் பழக்கம் மேலைநாடுகளின் விருந்து மரபிலிருந்து வந்தது. 'பிளாக் டை' என்ற இரண்டு சொற்களைப் பார்த்தவுடன், கறுப்பு நிற மாலைக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு 'போ'வும் அணிய வேண்டும் என்று பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒரு குறிப்பிட்ட வகுப்பினருக்குப் புரிந்துவிடும். அந்த வகுப்பு ஆண்களின் அலமாரியில் அந்த ஆடை ஏற்கெனவே இருந்தது. ஒத்த வசதியும் ஒத்த பழக்கமும் உடையவர்களிடையே வழங்கிய குறுஞ்சொல் அது. நம் திருமணங்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஒரே மண்டபத்தில் நிறுவன இயக்குநரும், கிராமத்திலிருந்து பேருந்து மாறி வரும் பெரியப்பாவும், பழைய பள்ளி ஆசிரியரும், வீட்டில் பால் ஊற்றுபவரும் ஒரே பந்தியில் அமர்கிறார்கள். இத்தனை பேருக்கும் பொதுவான குறுஞ்சொல் கிடையாது.

நிறங்களின் பொருளும் அப்படியே இடம்பெயர்வதில்லை. 1840-இல் விக்டோரியா மகாராணி வெள்ளை ஆடையில் மணந்துகொண்ட பிறகு மேலைநாடுகளில் வெள்ளை மணப்பெண்ணின் நிறமாகப் பரவியது. எனவே விருந்தினர் வெள்ளை அணிவதைத் தவிர்ப்பது அங்கே நாகரிகம். நம் ஊரில் தேவாலயத் திருமணத்துக்கு அது பொருந்தும். பிற வீடுகளில் வெள்ளைச் சேலைக்கு வேறு பொருள் உண்டு. கணவனை இழந்த முதிய பெண்கள் பலர் இன்றும் வெள்ளையோ மங்கிய நிறமோதான் உடுத்துகிறார்கள். 'அனைவரும் சிவப்பு அல்லது மஞ்சள்' என்று அழைப்பு வந்தால், ஏற்கெனவே மங்கல நிகழ்வுகளில் ஓரமாக நிற்கப் பழக்கப்படுத்தப்பட்ட அந்தப் பாட்டி, நான் வரவில்லை என்று சொல்லிவிடுவார். அவர் வராததற்கான காரணத்தை யாரும் கேட்கமாட்டார்கள். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

விடுபடுகிறவர்கள் அவர் மட்டுமல்லர். கார்த்திகையில் மாலை அணிந்த ஐயப்ப பக்தர் கறுப்பிலோ நீலத்திலோதான் வருவார். செவ்வாடை விரதம் இருப்பவர் வேறு நிறம் உடுத்தமாட்டார். புர்கா அணியும் இஸ்லாமியத் தோழிக்கு நிறம் பற்றிய கோரிக்கை பொருளற்றது. கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் வருபவர் ஆகியோருக்கு ஆடையில் முதல் தேவை வசதி. 'ஆண்கள் இது, பெண்கள் அது' என்ற இரண்டே வரிகளில் தமக்கு இடம் எங்கே என்று தேடும் திருநர்களும் நம் நண்பர்களிடையே உண்டு. பெயர்ப் பட்டியல் எழுதும்போது ஆசையோடு எழுதப்பட்ட பெயர்கள்தாம் இவை. நிறப் பட்டியல் எழுதும்போது இவர்கள் மறக்கப்படுகிறார்கள்.

தமிழ்ச் சமூகத்தில் ஆடை விதி என்ற சொல்லுக்குப் பின்னால் கசப்பான வரலாறும் இருக்கிறது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல்தான் அரச ஆணை பெற்றார்கள். 1930-இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி அணியக் கூடாது, ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி அணியக் கூடாது, பெண்கள் பூச்சூடக் கூடாது என்பன அவற்றில் சில. அடுத்தவர் உடலில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இங்கே அதிகாரத்தின் வேலையாக இருந்தது. இன்றைய திருமணக் கோரிக்கையை அதனோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் 'அணியக் கூடாது' என்ற சொல் இந்த மண்ணில் எத்தனை காதுகளில் எப்படி ஒலிக்கும் என்பதை அழைப்பிதழ் எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

அழைக்கப்பட்ட விருந்தினரே ஆடையின் பெயரால் வாசலில் நிறுத்தப்பட்ட நிகழ்வும் அண்மைய நினைவில் உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி உடுத்திச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தமிழகமே கொதித்தது. அடுத்த மாதமே, வேட்டி உள்ளிட்ட மரபு உடைகளைக் காரணம் காட்டி இத்தகைய மன்றங்கள் எவரையும் தடுக்கக் கூடாது என்று சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. மீறினால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்றும் விதித்தது. தனி வீட்டு அழைப்பிதழை அந்தச் சட்டம் நேரடியாகத் தொடாமல் இருக்கலாம். ஆனால் அழைத்துவிட்டு ஆடையைக் காட்டி ஒதுக்குவதைத் தமிழர் எப்படி உணர்கிறார்கள் என்பதை அது ஆவணப்படுத்தியிருக்கிறது.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டும் ஆடை பற்றி விருந்தினருக்குச் சொல்ல விரும்பினால், தகவலையும் விருப்பத்தையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இடத்தின் விதியும் தட்பவெப்பமும் தகவல்கள். திருச்செந்தூர் சந்நிதிக்குள் செல்ல ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். குருவாயூரிலும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலும் ஆண்களுக்கு வேட்டி வேண்டும். குருத்வாராவில் தலையை மூட வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் மாலை வரவேற்பு என்றால் குதிகால் உயர்ந்த காலணி மணலில் புதையும். மார்கழியில் உதகையில் இரவு விருந்து என்றால் கம்பளி இல்லாமல் முதியவர்கள் நடுங்குவார்கள். இத்தகையவற்றைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. விருந்தினர் வாசலில் வந்து அறிந்து சங்கடப்படும்படி விடலாகாது. மாறாக, வரவேற்பில் எல்லோரும் வெளிர் நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது விருப்பம். தகவலைத் தெளிவாகவும் விருப்பத்தை மென்மையாகவும் சொல்ல வேண்டும். இன்றைய அழைப்புகளில் இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

விருப்பத்தைத் தேர்வதற்கு எளிய சோதனைகள் சில உள்ளன. அழைப்புப் பட்டியலில் மிக எளிய நிலையில் இருப்பவரை மனத்தில் நிறுத்தி, அவர் எதையும் வாங்காமல் இதை நிறைவேற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் அந்தத் தேர்வைக் கைவிடுவதே நல்லது. ஒரு குறிப்பிட்ட சாயலைக் கேட்பதைவிட, 'மஞ்சள், ஆரஞ்சு, சந்தனம்' என்று ஒரு நிறக் குடும்பத்தைக் கேட்டால் எல்லோர் வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். ஐந்து நிகழ்ச்சிகளுக்கும் கேட்காமல் ஒன்றுக்கு மட்டும் கேட்கலாம். மணமக்களின் நெருங்கிய தோழர்களும் உடன்பிறந்தோரும் ஒரே ஆடையில் இருக்க வேண்டுமானால், பழைய மரபுப்படி அந்தத் துணியை விழா வீட்டாரே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

நிறத்தைக் கேட்பதற்குப் பதிலாக நெசவைக் கேட்கலாம் என்பதும் சிந்திக்கத்தக்கது. 'இயன்றவர்கள் கைத்தறியில் வாருங்கள்' என்று ஒரு வரி எழுதினால், அதற்குள் சின்னாளப்பட்டி சுங்குடியும் அடங்கும், செட்டிநாட்டுப் பருத்தியும் அடங்கும், காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் பட்டுகளும் அடங்கும். பாட்டியின் பழைய சேலை புதிய சேலைக்கு நிகராகப் போற்றப்படும். மண்டபத்தில் ஒரே நிறம் இருக்காது. ஆனால் ஒரு பொருள் இருக்கும். ஒருவேளை யாராவது புதிதாக வாங்கினாலும் அந்தப் பணம் ஏதோ ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போகும். அந்த ஆடை அடுத்த திருமணத்துக்கும் உதவும்.

தேர்ந்ததைச் சொல்வதற்கும் முறை உண்டு. இரு வீட்டாரும் முதலில் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். பெண் வீட்டார் ஒரு நிறமும் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு நிறமும் அனுப்பிவிட்டுச் சம்பந்திகள் முகம் திருப்பிக்கொள்வதில் யாருக்கும் நன்மையில்லை. பெரியோர் பெயர்களோடு வரும் முதன்மை அழைப்பிதழில் ஆடைக் குறிப்பு இடம்பெறாமல் இருப்பதே அழகு; தனித் தாளிலோ தனிச் செய்தியிலோ அது வரலாம். குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அது சேர வேண்டும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தங்கள் குவியும்போது ரவிக்கை தைத்து வாங்குவதே பெரும்பாடு. நிகழ்ச்சிக்கு நான்கு நாள்களுக்கு முன் வாட்ஸ்ஆப் குழுவில் நிறப் பட்டியல் இடுவது, கடைக்கு ஓடுங்கள் என்று சொல்வதற்குச் சமம்.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'இண்டோ வெஸ்டர்ன்', 'செமி ஃபார்மல்', 'பேஸ்டல்' என்ற சொற்களுக்கு அனுப்புகிறவர் மனத்தில் ஒரு பொருளும் பெறுகிறவர் மனத்தில் இன்னொரு பொருளும் இருக்கும். சிலருக்கு எந்தப் பொருளும் இருக்காது. கேட்கவும் கூச்சப்படுவார்கள். நிறங்களைச் சொல்லத் தமிழில் பஞ்சமில்லை. கிளிப்பச்சை, மயில்கழுத்து நிறம், வாடாமல்லி, அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தாள் நிறம் என்று துணிக்கடையில் எந்த ஊர்ப் பாட்டியும் சொல்லிக் கேட்கும் சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தினால் ஐயம் எழாது. மொழிக்கும் ஒரு வாழ்வு கிடைக்கும்.

ஒரு குறிப்பு எப்படி அமையலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு இது: 'வரவேற்பு நிகழ்ச்சி கடற்கரை மணலில் நடைபெறுவதால் தட்டையான காலணி வசதியாக இருக்கும். மாலையில் காற்று சற்றுக் குளிராக வீசும். மஞ்சள், சந்தனம், ஆரஞ்சு நிறங்களில் ஏதேனும் தங்களிடம் இருந்தால் அன்று உடுத்தி வாருங்கள், மணமக்கள் மகிழ்வார்கள். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். தங்கள் வருகையே எங்களுக்குப் பெரிது.' தகவல் முதலில் வருகிறது. விருப்பம் அடுத்து வருகிறது. விலக்கு இறுதியில் வெளிப்படையாக வருகிறது. 'தவிர்க்கவும்', 'அனுமதி இல்லை', 'கண்டிப்பாக' என்ற சொற்கள் எங்கும் இல்லை. இறுதி இரண்டு வரிகள்தாம் இதில் முக்கியமானவை. அவை இல்லாவிட்டால் எளியவர் விருப்பத்தையும் விதியாகவே படிப்பார்.

எழுத்தில் மட்டும் முடிகிற வேலை அல்ல இது. தாம்பூலத் தட்டோடு வீடு தேடிச் சென்று அழைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வயதானவர்களிடமும் வசதி குறைந்தவர்களிடமும் அப்போது நேரில் சொல்வதே முறை. 'பிள்ளைகள் ஏதோ நிறம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இருப்பதை உடுத்திக்கொண்டு வந்துவிடுங்கள் பெரியம்மா' என்ற ஒரு வாக்கியம் செய்யும் வேலையை எந்த வண்ணப் படமும் செய்யாது.

விழா நாளில் விருந்தோம்பலின் பழைய நெறியே போதுமானது. மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு, பூ வைத்துப் பன்னீர் தெளித்து வரவேற்கிறோம். நிறம் வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அந்த மேசையில் அதையும் வைக்கலாம். மஞ்சள் பூசும் நிகழ்ச்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் துண்டோ, ஒரு முழம் சாமந்தியோ கொடுத்தால், எந்த ஆடையில் வந்தவரும் அந்த நிறத்துக்குள் வந்துவிடுவார். அந்தச் செலவு பூ அலங்காரத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். வேறு நிறத்தில் வந்தவரைக் குழுப் படத்தின் ஓரத்துக்கு நகர்த்துவதும், நீங்கள் செய்தியைப் பார்க்கவில்லையா என்று கேட்பதும் விருந்தோம்பல் ஆகா. மணமக்களின் விருப்பம் எதுவாயினும், படமெடுப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது விழா வீட்டாரின் கடமை.

விருந்தினருக்கும் கடமை உண்டு. பணிவோடு கேட்கப்பட்ட, செலவில்லாமல் நிறைவேற்றக்கூடிய ஒரு விருப்பத்தை வேண்டுமென்றே புறக்கணிப்பது பண்பாகாது. ஐயம் இருந்தால் தயங்காமல் கேட்கலாம். இயலாது என்றால் வராமல் இருந்துவிடாமல், என்னிடம் அந்த நிறம் இல்லை என்று சொல்லிவிட்டு வரலாம். அப்படிச் சொல்கிறவரை மதிக்கத் தெரியாத வீடு தமிழகத்தில் அதிகம் இருக்காது.

இந்த வழக்கத்தின் பின்னால் இருக்கும் உண்மையான தூண்டுதல் நிழற்படம். சமூக ஊடகங்களில் பார்த்த பிறர் திருமணங்களைப் போல நம்முடையதும் ஒரே வண்ணத்தில் ஒளிர வேண்டும் என்ற ஏக்கம் இயல்பானதே. ஆனால் திருமண ஆல்பத்தை இருபது ஆண்டுகள் கழித்துப் புரட்டுகிறவர்கள் நிறப் பொருத்தத்தைத் தேடுவதில்லை. இதோ தாத்தா, இதோ அம்மாவின் தோழி, இவர் அடுத்த ஆண்டே போய்விட்டார் என்று முகங்களைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் இல்லாமல் போன முகத்துக்கு ஆடை ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடாது. ஆடை பற்றி ஒரு வரி எழுத விரும்பும் எந்தக் குடும்பமும், அச்சுக்கோ அலைபேசிக்கோ அனுப்பும் முன், அந்த வரியைத் தங்கள் உறவிலேயே மிக எளியவரின் கண்களால் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அவரும் மகிழ்ந்து வருவார் என்று தோன்றினால் தாராளமாக அனுப்பலாம்.